தையலக்கா தட்டிய கதவுகள்

ஏட்டம்மா அந்தப் புறக்காவல் அறைக்குப் பொறுப்பேற்க வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. ஒரு காலத்தில் பால் விற்ற அறை அது. சுவருக்கு நீல வண்ணம் பூசி, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டுக் காவல்துறைக்குக் கொடுத்திருந்தார்கள். எத்தனை முறை கழுவினாலும் தரையிலிருந்து புளித்த பால் வாடை போகவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே அவள் பார்த்துக்கொள்ள வேண்டிய தெரு.

தெரு என்றால் முட்டுச்சந்து. இடப்பக்கம் வரிசையாக வீடுகள், வலப்பக்கம் ஏதோ கிடங்கின் பின்சுவர். சுவர் உயரமாகவும் ஜன்னல் இல்லாமலும் கடைசி வரை போய், கடைசி வீட்டோடு தெருவை மறித்துக்கொண்டு நின்றது. மத்தியானத்தில் அங்கே ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. உள்ளே மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் ஒரே முனகலாகத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கே போய் ஜனங்களோடு பேசிக்கொண்டிருந்தாலே போதும், பாதி பயம் போய்விடும் என்று சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் அவளை அனுப்பியிருந்தார். பயப்படக் காரணம் இருந்தது. ஊருக்குப் போனவர்களின் வீடுகளில் தொடர்ந்து திருட்டு நடந்தது. பூட்டு உடையவில்லை, நகை மட்டும் போயிருக்கும். அதற்குப் பிறகு போன மழைக்காலத்தில் ஒரு கொலை.

செத்தவள் தையல்காரி. வீடு வீடாக வந்து அளவெடுத்துப் போவாள், தைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பாள். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் தையலக்கா. கொட்டுகிற மழையில் ஒரு மத்தியானம், மண்டை உடைந்து கடைசி வீட்டுப் படியில் கிடந்தாள். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. அவள் எங்கே அடிபட்டாள், எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாளில் போலீஸ் ஓர் ஆளைப் பிடித்தது. பூனை என்று பெயர் வாங்கிய பழைய திருடன். தையலக்காவின் செல்போன் அவனிடம் இருந்தது. கேட்டுக்கு வெளியே சாக்கடையில் கிடந்ததை எடுத்தேன் என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருமுறை அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போன காவலில் ஏட்டம்மாவும் இருந்தாள். வேனில் அவன் அவளிடம், "நான் திருடன்தான் மேடம், இல்லைங்கல. ஆனா நான் ராத்திரி ஷிப்டு. மத்தியானம் தூங்குற ஆளு" என்றான். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அவன் ஜெயிலில் இருந்தான். வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. அவன் மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். எதுவும் கேட்கமாட்டாள்.

ஏட்டம்மா வந்த அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். திருட்டைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் கொண்டுவந்தது வேறொன்று. நர்ஸம்மாதான் முதலில் சொன்னாள். கடைசி வீட்டில் இருப்பவள் அவள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவள். தையலக்கா செத்துக் கிடந்தது அவள் வீட்டுப் படியில்தான்.

"மத்தியானத்துல யாரோ கதவைத் தட்டுறாங்க மேடம்."

"யாரு?"

"திறந்து பார்த்தவங்க யாரும் இல்ல."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தினமும் இல்லை. ஆனால் வரும் நாளில் எல்லா வீட்டுக்கும் வரும். எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தவர், என் வீட்டிலும்தான் தட்டுகிறது, பழைய மரக்கதவுகள், வெயிலில் விரிந்து சத்தம் போடும், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். தெருச் சங்கத்தின் செயலாளர் அவர். கேட்டை ஒட்டிய முதல் வீட்டில் தனியாக இருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், நாய்க்குச் சோறு வைப்பார். பிள்ளைகள் அவரைச் சாவி மாமா என்று கூப்பிட, பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. கிளம்பும்போது அவர் ஏட்டம்மாவின் மேசை விசிறி ஆடுவதைப் பார்த்து, நாளைக்கு ஆள் அனுப்பிச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார்.

விடலைப் பையன்களின் சேட்டை என்றுதான் ஏட்டம்மா நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்து, காதைத் திருகி, அப்பன்மாரிடம் ஒப்படைத்தால் முடிந்தது. அதற்காக மறுநாளிலிருந்து மத்தியானங்களில் நர்ஸம்மா வீட்டில் போய் உட்கார்ந்தாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸம்மா தூங்காமல் அவளோடு பேசிக்கொண்டிருப்பாள். கணவருக்கு வெளியூரில் வேலை என்பாள், கால் வலி என்பாள். சுற்றிச் சுற்றி எதையோ சொல்ல வந்து நிறுத்துவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவில் நர்ஸம்மாவின் முகம் மாறியது.

"வருது" என்றாள்.

ஏட்டம்மாவுக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. தெருவின் அந்தக் கோடியில், மிக லேசாக.

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னும் கிட்டத்தில் ஒரு கதவு. இடைவெளி. அதற்கடுத்த கதவு. அவசரமாக ஓடுகிற ஒருவர், ஒவ்வொரு வாசலிலும் நின்று, மூச்சு வாங்கி, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவதுபோல.

தட்டலுக்குப் பிறகு இன்னொரு சத்தமும் இருந்தது. உள்ளங்கை ஒன்று மரத்தில் மேலிருந்து கீழாக வழுக்கி இறங்கும் சத்தம்.

பக்கத்து வீட்டில் கேட்டது.

நின்றது.

ஏட்டம்மா எழுந்து கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துத் தயாராக நின்றாள். தட்டிய அடுத்த நொடி திறந்துவிட வேண்டும். ஓட விடக்கூடாது.

டொக்.

சத்தம் அவள் முகத்துக்கு நேராக வரவில்லை. முழங்காலுக்குக் கீழே, கதவின் அடிப்பகுதியிலிருந்து வந்தது.

டொக்.

அவள் கதவைத் திறந்தாள்.

வெள்ளை வெயில். காலியான தெரு. கிடங்குச் சுவர். ஓடும் காலடி இல்லை, மறைந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. வாரக்கணக்கில் மழையைக் காணாத அந்தத் தெருவில், நனைந்த துணியின் வாடை மூக்கில் அறைந்தது. அதோடு தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயின் வாடை.

கதவின் வெளிப்புறத்தைப் பார்த்தாள். கீழே, நிலைப்படியை ஒட்டி, ஈரமாக ஓர் உள்ளங்கை. ஐந்து விரல்களும் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் விரலாகக் காய்ந்து மறைந்தது.

நர்ஸம்மா உள்ளே சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஏட்டம்மா திரும்பியதும், அதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் மேடம் கேட்டுச்சு. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் கேட்டுச்சு. திருட்டுப் பயத்துல ஒருத்தரும் திறக்கல. எனக்குத் தூக்கக் கலக்கம். யாரோ விக்கிறவங்கன்னு நினைச்சுத் தலகாணியைக் காதுல வச்சு அழுத்திக்கிட்டேன்."

ஏட்டம்மா அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். போலீஸ் வேலையில் பிணங்களைப் பார்த்தவள்தான். ஆனால் பால் வாடை வீசும் தன் அறைக்குத் திரும்பிப்போகும்போது, ஒவ்வொரு மூடிய கதவையும் அவள் கிடங்குச் சுவரோரமாகவே ஒதுங்கிக் கடந்தாள்.

அவளைத் தூங்கவிடாதது வேறொன்று. பயந்தவள் ஏன் தெருவுக்கு உள்ளே ஓடினாள்? கடைசியில் சுவர்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? வாரம் தவறாமல் வந்துபோனவள் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு அல்லவா ஓடியிருக்க வேண்டும்?

மறுநாள் வீடு வீடாகப் போய்ப் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். திருட்டு ஆரம்பித்ததிலிருந்து, புறக்காவல் வரும் வரை, மத்தியானங்களில் கேட்டைப் பூட்டிவைப்பது வழக்கமாம். கொலை நடந்த அன்றும் பூட்டித்தான் இருந்ததாம். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, இதென்ன கேள்வி என்பதுபோல் சிரித்தார்கள்.

அடுத்த தடவை தட்டல் வந்த அன்று ஏட்டம்மா எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. கிடங்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, முதல் வீட்டுக்கு நேர் எதிரே தெருவில் நின்றாள். ஈர வாடைதான் முதலில் வந்தது.

முதல் வீட்டுக் கதவு பேசாமல் இருந்தது.

இரண்டாம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

அவள் கண்ணெதிரில், தொட ஆளில்லாமல், கதவு அதிர்ந்தது. ஓர் ஆள் நின்று தட்டும் உயரத்தில் ஈரக் கை பதிந்தது, இழுபட்டது. பிறகு அடுத்த வீடு. போகப்போக அந்தக் கை தாழ்ந்துகொண்டே போனது. தோள் உயரம், இடுப்பு உயரம். நர்ஸம்மா வீட்டை அடைந்தபோது அது தரையில் தவழ்பவளின் கை.

ஏட்டம்மா அழுதுவிட்டாள். அழுகிறோம் என்பது சட்டையில் துளி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் வீட்டின் உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. எந்த வீட்டிலிருந்து தப்பி ஓடினாளோ, அந்த வீட்டுக் கதவை எப்படித் தட்டுவாள்?

இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கேலி செய்யவில்லை. ஆனால் கதவு தட்டினதற்குச் சாட்சியாக யாரைக் கூண்டில் ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டார். வேண்டுமானால் சாவிகளைப் பற்றி அவரிடம் பேசிப் பாருங்கள், கூட ஓர் ஆளை வாசலில் நிறுத்துங்கள், ஏதாவது கண்ணில் பட்டால் கூப்பிடுங்கள் என்று மட்டும் அனுமதி கொடுத்தார்.

சாவி மாமா அவளை வரவேற்று உட்காரவைத்தார். சுத்தமான கூடம். சுவரில் ஆணி அடித்து, வீட்டு எண் ஒட்டிய சாவிகள் வரிசையாகத் தொங்கின. டிவியின் சத்தத்தில் பேசுவதே சிரமமாக இருந்தது. இனிமேல் சாவிகளைப் புறக்காவல் அறையிலேயே வைக்கலாம் என்று ஏற்பாடு, உங்களுக்கும் பொறுப்பு குறையும் என்று அவள் ஆரம்பித்தாள். தாராளமாக என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சில நாட்களாகச் சவரம் செய்யாத முகம், தூக்கமில்லாத கண்கள். அவ்வளவுதான்.

தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள்.

அப்போது அந்த வாடை வந்தது.

"டிவியைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள்.

"இருக்கட்டுமே" என்றார் அவர்.

ரிமோட்டை அவளே எடுத்து நிறுத்தினாள்.

அமைதி. மின்விசிறி. தூரத்தில் மெயின் ரோட்டில் ஏதோ ஒரு ஹாரன்.

டொக். டொக். டொக்.

வாசல் கதவில் இல்லை.

கூடத்தின் பின்னால், சமையலறைக்குப் போகும் வழியில், சாமான் அறை இருந்தது. அதன் கதவு வெளியே தாழிட்டுப் பூட்டியிருந்தது. தட்டல் அந்தக் கதவின் உட்புறத்திலிருந்து வந்தது.

அவர் தன் வீட்டிலும் தட்டுகிறது என்று அன்று சொன்னது பொய்யில்லை என்பது அந்த நொடியில்தான் ஏட்டம்மாவுக்குப் புரிந்தது.

மீண்டும் தட்டல். இப்போது வேகமாக.

அவள் பயந்தது பூட்டிய அறைக்கு. அதைவிட அவர் முகத்துக்கு. அந்த முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தார்.

"கேக்குது."

"இது எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்."

"கதவைத் திறங்க சார்."

"வேணாம்மா. அன்னிக்கும் நான் திறக்கல. தட்டிக்கிட்டே இருந்தா. அடங்கிடும், அடங்கிடும்னு இங்கதான் உட்கார்ந்திருந்தேன்." இருவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியைக் காட்டினார். "அடங்கிருச்சு. செத்துட்டாள்னு திறந்து பார்த்தா, உள்ள ஆளைக் காணோம். வீட்டோரமா தெருவுக்குப் போற இடுக்குப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்துது. துருப்பிடிச்ச தாழ்ப்பா. எப்படித்தான் திறந்தாளோ."

ஏட்டம்மா வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டாள். ஆணியிலிருந்து சாவிகளை எடுத்தது அவள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பொருந்துகிற சாவியைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் விரல்களுக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு மரப்பலகையின் கனத்துக்கு அப்பால், உள்ளங்கை ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது.

பூட்டு விழுந்ததும் தட்டல் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. பழைய நாற்காலிகள், பெட்டிகள். கதவின் உட்புறம் மட்டும் வண்ணம் போய் வெறும் மரமாக இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். கழுவிய இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுப்பு நிறக் கைகள் மீண்டும் மீண்டும் பதிந்திருந்தன.

மூலையில் இருந்த இரும்புப் பெட்டியில் தெருக்காரர்களின் நகைகள் கிடைத்தன. ஒரு நீலச் சுருக்குப்பையும் இருந்தது. இரண்டாம் வீட்டுக்காரிக்குத் தையலக்கா தைத்துக் கொடுத்த பை. சாவி மாமா வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்தவள், அவர் மேசைமேல் மறந்து வைத்திருந்த அந்தப் பையைப் பார்த்துவிட்டு, இது நான் தைத்ததாயிற்றே, உங்களிடம் எப்படி என்று சாதாரணமாகத்தான் கேட்டாளாம். இரும்புக் கம்பியால் அடித்து அந்த அறையில் தள்ளிப் பூட்டியதையும், செல்போனைக் கேட்டுக்கு வெளியே வீசியதையும் அவர் ஒன்று விடாமல் சொன்னார். வண்டியில் ஏற்றும்போது, லாக்கப்பில் கதவுக்குப் பதில் கம்பிதானே இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

பூனையை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் மனைவி குழந்தையோடு ஏட்டம்மாவைப் பார்க்க வந்தான். நன்றி சொல்லத் தெரியாமல் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். காய்கறி வண்டி தள்ளப் போவதாகச் சொன்னான். இரவு ஷிப்டை விட்டாச்சா என்று அவள் கேட்க, மனைவி முந்திக்கொண்டு, விடாமல் இருந்தால் நானே உங்களிடம் வந்து பிடித்துக் கொடுப்பேன் என்றாள்.

அதன்பின் தெருவில் தட்டல் கேட்கவில்லை. கேட்டைக் கழற்றி எடுத்தார்கள். மத்தியானங்களில் கதவுகள் திறந்து கிடந்தன. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, தானாகவே அப்படி ஆயிற்று. நர்ஸம்மா தன் படியைக் கழுவித் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பாள்.

மழைக்காலம் மறுபடி வரும் சமயத்தில் தெரு நடுவில் இருந்த ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. வேற்றூர்க்காரர்கள், இங்கே நடந்தது எதுவும் தெரியாதவர்கள். புதிதாக வருகிறவர்களைப் போய்ப் பார்த்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவது ஏட்டம்மாவின் வேலைகளில் ஒன்று. ஒரு மத்தியானம் போனாள்.

வீட்டுக்காரி சின்னப் பெண். கலகலவென்று பேசினாள். பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி இரண்டு நாற்காலி போட்டாள். தெரு அமைதியாக இருக்கிறது, எல்லோரும் நல்ல மாதிரி, அக்கம்பக்கம் பயமில்லை என்றாள். ஏட்டம்மாவுக்குக் கேட்க நன்றாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்த வார்த்தையை இந்தத் தெருவில் யார் சொல்லியிருப்பார்கள்?

அந்தப் பெண் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு டம்ளர்.

"நீ குடிக்கலையாம்மா?"

"எனக்கு இல்லக்கா. உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு."

டம்ளரை வாங்கிய ஏட்டம்மாவின் கை அப்படியே நின்றது.

"எவங்களுக்கு?"

"உங்ககூட வந்தவங்களுக்குத்தான். நேத்து நீங்க இந்தப் பக்கம் நடந்து போனப்பவும் பின்னாலேயே வந்தாங்களே." அந்தப் பெண் அவள் தோளுக்கு மேல் வாசலைப் பார்த்தாள். குரலில் உண்மையான கரிசனம் இருந்தது. "பாவம், ஏன் வாசல்லயே நிக்கிறாங்க? தலையெல்லாம் நனைஞ்சிருக்கு."

வெளியே இன்னும் ஒரு துளி மழைகூட விழவில்லை.

ஏட்டம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளால் முடியவில்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த ஈரம் வந்து நின்றது. எண்ணெய் வாடை அடித்தது. தன் நாற்காலியை மட்டும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வழி விட்டாள்.

"உள்ள வரச் சொல்லும்மா" என்றாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள் அந்தப் பெண் வாசலைப் பார்த்து.

பிறகு அவள் சிரித்த முகத்தோடு, வாசலிலிருந்து மெதுவாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அட்டைப்பெட்டிகளைக் கடந்து, ஏட்டம்மாவைக் கடந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் வந்து அந்தப் பார்வை நின்றது.

குனிந்து, இரண்டாவது டம்ளரை நீட்டினாள்.

டம்ளர் அவள் கையைவிட்டுப் போனது. தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை.